கையில் பட்ட பந்து

தாழ்ப்பாளின் முதல் திருகாணி கழன்று என் காலடியில் விழுந்தது.

இன்னும் இரண்டு இருந்தன. ஒவ்வொரு உதைக்கும் அவையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தன. நான் முதுகைக் கதவில் சாய்த்து, எதிரே கிடந்த புல்வெட்டும் இயந்திரத்தில் காலை முட்டுக்கொடுத்து நின்றேன்.

மைதானத்துத் தட்டுமுட்டுச் சாமான்கள் போடும் அறை அது. கிழிந்த வலை, கொடிக்கம்புகள், சுண்ணாம்பு மூட்டை. ஜன்னல் கிடையாது.

வார நாட்களில் நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாம் பிரிவு கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். இருபத்திரண்டு பேர் என் விசிலுக்கு நிற்பது எனக்குப் பிடிக்கும். வேறெங்கும் என் பேச்சுக்கு யாரும் நின்றதில்லை.

அன்று சமன் செய்தாலே உள்ளூர் அணி தப்பித்துவிடும். தோற்றால் கடைசிப் பிரிவுக்கு இறங்க வேண்டும். கடைசிப் பிரிவு அணிகளுக்கு இந்த மைதானம் கிடையாது. அதனால் ஊரே திரண்டு வந்திருந்தது.

எண்பத்தெட்டு நிமிடம் யாரும் கோல் போடவில்லை. அப்போதுதான் உள்ளூர் கோலுக்கு முன்னால், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் உள்ளூர் ஆட்டக்காரரின் கையில் பந்து பட்டதைப் பார்த்தேன். விசில் ஊதி, பெனால்டி கொடுத்தேன்.

அது கோலானது. ஆட்டம் முடிந்ததும் லைன்ஸ்மேன் பைக்கை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார். நான் திறந்திருந்த முதல் கதவுக்குள் ஓடினேன்.

"கையில பட்டதை உன் கண்ணால பாத்தியா? வெளிய வந்து சொல்லுடா."

உள்ளூர் கோல்கீப்பரின் குரல். கறிக்கடைக்காரர். ஆட்டத்துக்கு முன்னால் அவர் கைகுலுக்கியதில் என் விரல்கள் இன்னும் வலித்தன.

பார்த்தேன் என்று கத்த நினைத்தேன். ஆனால் முதுகைத்தான் கதவில் இன்னும் இறுக்கினேன். போன் உடை மாற்றும் அறையில், பையில் கிடந்தது. என்னிடம் இருந்தது விசில் மட்டும்தான்.

இரண்டாவது திருகாணியும் விழுந்தது. கதவு விரலளவு திறந்தது. அந்த இடுக்கில் நிஜமாகவே நான்கு விரல்கள் நுழைந்து மரத்தைப் பிடித்தன. பின்னால் யாரோ கடப்பாரை கேட்டார்கள். யாரோ எடுத்துவர ஓடினார்கள்.

நான் புல்வெட்டும் இயந்திரத்தில் காலை இன்னும் அழுத்தி ஊன்றினேன்.

"மச்சான், விடு. பந்து என் கையிலதான் பட்டுச்சு. எனக்குத் தெரியாதா?"

அது நெட்டை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர். பதினைந்து வருடமாக இந்த அணியின் தடுப்பாட்டக்காரர். கோல்கீப்பரின் தங்கையைக் கட்டியவர்.

விரல்கள் இடுக்கிலிருந்து மறைந்தன. உதை நின்றது. அந்த அமைதிக்கு நான் இன்னும் அதிகமாகப் பயந்தேன்.

பிறகு பளாரென்று ஓர் அறை விழும் சத்தம் கேட்டது. என் கன்னம் கூசியது. "இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்றார் கோல்கீப்பர். குரல் உடைந்திருந்தது. ஒருவர் பின் ஒருவராகக் காலடிகள் விலகிப் போயின.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கதவை நீக்கியபோது நெட்டை மட்டும் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது.

அவருக்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும் என்று முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்தார்.

கருநீலச் சட்டை. நெஞ்சின் நட்டநடுவில், காலையில் பெய்த தூறலில் காயாத சுண்ணாம்புக் கோட்டில் உருண்டுவந்த பந்து பதித்துப்போன வெள்ளை வட்டம். பந்தின் தையல்கூடத் தெரிந்தது. மணிக்கட்டு வரை நீண்ட சட்டைக் கைகள் இரண்டிலும் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வண்டி பின்னாடிதான் நிக்குது சார். ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கங்க, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடறேன்."

நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.