நீலம் போட்ட கூடாரம்

"கூடாரத்தை மலை விளிம்பிலை கொண்டுபோய் அடி, மாரிமுத்து. மரத்துக்குள்ளை ஒளிக்கவோ இதைக் காவி வந்தனாங்கள்?"

"அங்கிட்டு காத்து பிச்சுக்கிட்டுப் போயிரும்ங்க ஐயா. மத்த சர்வேயர் ஐயாமாரு காக்கிக் கூடாரந்தான் கொண்டாறாங்க. மரத்தடியிலயே அடிச்சுக்கிறாங்க. இந்த வெள்ளக் கூடாரத்துக்கு நீலம் போட்டுத் தொவச்சே என் கை வெளுத்துப் போச்சு."

"அவையள் வெறும் சர்வேயர்மார். நான் சுப்பிரின்டன்."

வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிப் பதினைந்து வருடமாகிவிட்டது. ஆனாலும் மாத்தளை மலைக்காட்டின் நடுவே, நில அளவைச் சுப்பிரின்டன் இராசலிங்கம் டை கட்டி, மடக்கு மேசையில் விரிப்பு விரித்து, பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தார். அந்தக் கம்பீரத்தைப் பார்க்க இரண்டு குரங்குகள்தான் இருந்தன.

எல்லைக்கல் பார்க்க வருடாவருடம் இங்கே முகாம். இம்முறை, மலைக்காற்று உடம்புக்கு நல்லதென்று மனைவி தங்கேஸ்வரியையும் அழைத்து வந்திருந்தார்.

"ஆருக்கு வேணும் மலைக்காத்து?" என்றாள் அவள். "இந்த மலையை இறங்கினால் மகள் இருக்கிற வில்கமுவ. பாலேஸ் மாசமாய் இருக்கிறாள் எண்டு கேள்விப்பட்டதோடை சரி. பெத்தாளோ, பிழைச்சாளோ... ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமேப்பா."

"என்னட்டை அளவுச் சங்கிலி பிடிச்ச கூலிக்காரனோடை ஓடினவளின்ரை வாசலை நான் மிதிக்கிறதோ? இராசலிங்கம் சொன்னால் சொன்னதுதான்!"

இதைக் கச்சேரி அலுவலகத்திலும் கிளப்பிலும் சொல்லிச் சொல்லியே அவருக்கு மரியாதை கூடியிருந்தது.

தங்கேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டாள்.

காலையில் பனி விலகியதும் இராசலிங்கம் டையை இறுக்கிக்கொண்டு, முக்காலியில் நின்ற தியோடலைட்டின் தூரநோக்கிக்குள் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"வருசா வருசம் பாக்கிறதுக்கு, கல்லுக்கென்ன கால் முளைச்சு ஓடுதோ?" என்றாள் தங்கேஸ்வரி.

அவர் நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இஞ்சை வாரும். வந்து பாரும்."

"நேற்று அரசாங்கச் சாமான், தொடாதையும் எண்டியள்?"

"வாரும் எண்டால் வாரும்!"

அவள் குனிந்தாள். "என்னப்பா இது, எல்லாம் தலைகீழாய்க் கிடக்கு?"

"தியோடலைட் அப்பிடித்தான் காட்டும். கொஞ்சம் பாரும், பழகிப்போம்."

கீழே வானம். மேலே வயல். வயலிலிருந்து தொங்கிய குடிசையின் முற்றத்தில் ஒரு பெண், இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்றாள். அப்படி நிற்பவள் உலகத்தில் ஒருத்திதான். மறு இடுப்பிலிருந்த பிள்ளையை இரண்டு கைகளாலும் தூக்கி, மலையைப் பார்த்து நீட்டினாள்.

"ஐயோ, என்ரை பாலேஸ்!"

"போன வருசம் வெறுங்கையைத்தான் ஆட்டினவள்," என்றார் இராசலிங்கம். அது சுப்பிரின்டனின் குரலாக இல்லை.

கண்ணை எடுக்காமலே தங்கேஸ்வரி கேட்டாள்: "இவ்வளவு தூரத்திலை நாங்கள் வந்து நிக்கிறது அவளுக்கு எப்பிடியப்பா தெரியும்?"

மலை விளிம்பில் காற்றுக்கு உப்பி, வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்ற கூடாரத்தை அவர் திரும்பிப் பார்த்தார்.

"காக்கி எண்டால் காட்டோடை காடாய்ப் போயிடும்."