காதில் சொல்லாத பெயர்

பேத்தியின் காதில் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட மாடக்கண்ணு வந்திருந்தார். முப்பது வருடம் பிளைவுட் கம்பெனியில் பசை தடவியவர். மகள் வீட்டுக் கதவிலிருந்த கருவி அவரைச் சோதித்து, அந்தப் பசையிலிருந்து வரும் நச்சு வாயுவான ஃபார்மால்டிஹைடு அதிகம் என்று சிவப்பு விளக்கை எரித்தது.

"புதுச் சட்டையாப்பா? புதுத் துணியிலயும் அது இருக்கும். கழட்டுங்க," என்றாள் மகள் வேணி உள்ளிருந்து.

கழற்றினார். சிவப்பு மாறவில்லை.

"இனி தோலத்தான் உரிக்கணும் தாயி."

"மூச்ச அடக்கிப் பாருங்க."

அடக்கினார். விளக்கு பச்சையாகிக் கதவு திறந்தது. உள்ளே போய்க் குழந்தையின் காதருகே குனிந்தார்.

"சொல்லுங்கப்பா."

வாயைத் திறந்தால் அந்த மூச்சு பிஞ்சின் மேல் படும். காதில் உதட்டை மட்டும் ஒற்றிவிட்டு வெளியே ஓடிவந்தார். மூடிய கதவைப் பார்த்து அந்தப் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்.