நாலு நல்ல வார்த்தை

"அண்ணன் வர்றது பிடிக்கலன்னா நேராச் சொல்லியிருக்கலாமே அண்ணி!"

எதிர்வீட்டுக்காரியின் நாத்தனார் போட்ட சத்தம் என் அடுப்படி வரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். தெருவில் ஒரு சண்டையை நான் இதுவரை தவறவிட்டதில்லை.

"வாய் கூசாம பேசாதே. பத்து நாளா மனுவைத் தூக்கிட்டு ஜெயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைஞ்சது யாரு? வேலையைக்கூட விட்டுட்டேன்." அண்ணிக்காரிக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

அவள் புருஷன் சிறையில் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கடைசி நாட்களையாவது வீட்டில் கழிக்கட்டும் என்று கருணை விடுதலை கேட்டிருந்தார்கள். மனு தள்ளுபடியாகிவிட்டது.

"அப்புறம் எப்படி 'பகலில் கவனிக்க வீட்டில் ஆளில்லை'ன்னு எழுதியிருக்காங்க? விசாரிக்க வந்தவர்கிட்ட நீங்க சொல்லாமலா?"

"அந்த ஆளை நான் பார்க்கவே இல்லடி. டாக்டர் சான்றிதழுக்கு வரிசையில நின்னுட்டிருந்தேன்."

"நம்பிட்டேன்!"

மூன்றாம் வாரம் அவர் சிறை ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார். மறுவருஷம் நாத்தனாருக்குக் கல்யாணம். அண்ணிக்குப் பத்திரிகைகூட வரவில்லை. அவளும் வீட்டைக் காலி செய்தாள். போகும்போது சாவியை என்னிடம் நீட்டினாள்.

"வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்கக்கா. இந்தத் தெருவுல என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசினது நீங்க ஒருத்திதான்."

பேசத்தான் செய்தேன். விசாரிக்க வந்த அன்று பூட்டிய கதவைப் பார்த்து நின்ற அதிகாரியை நான்தான் வலியக் கூப்பிட்டு, "ரொம்ப உழைப்பாளி சார். காலையில வேலைக்குப் போனா இருட்டினப்புறம்தான் வருவா" என்று வாயாரப் புகழ்ந்தேன்.

அவள் வேலையை விட்டது அப்போது எனக்குத் தெரியாது.