பெய்ஜிங் போன அத்தை

முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. திண்டிவனம் கல்யாண மண்டபத்தின் மணப்பெண் அறையில், காயத்ரியின் போனுக்கு ஒரு படம் வந்தது.

வடிவு அத்தை! பெய்ஜிங்கில், முந்தின ராத்திரி, ஏரிக்கரை ஓரத்து பார் தெருவில், கலர் லைட்டுக்குக் கீழே ஸ்வெட்டரும் சிரிப்புமாக நின்றாள்.

'இங்க எல்லாம் முன்ன ஓட்டு வீடாம்டி. இப்ப விடிய விடிய பாட்டும் கூத்தும். பெருஞ்சுவரும் பாத்துட்டேன்' என்று கூடவே ஒரு மெசேஜ்.

காயத்ரி படத்தையே முறைத்தாள். அம்மா டீச்சர் வேலைக்குப் போய்விட, அவளைத் தூக்கி வளர்த்தவள் அப்பாவின் அக்காவான இந்த அத்தைதான். 'உன் கையப் புடிச்சி நான்தான் மணவறைக்குக் கூட்டிக்கினு போவேன்' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள்.

மாமா செத்து நாலு மாசம் ஆகவில்லை. அத்தை ஏஜெண்டாக இருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி, நன்றாகப் பாலிசி பிடித்தவர்களை டூர் அழைத்துப் போகிறது என்றதும் பெட்டியைக் கட்டிவிட்டாள். என்ன மனுஷியோ!

எட்டிப் பார்த்த பெரியம்மா குப்பம்மாள் முகவாயில் கை வைத்தாள்.

"புருசன் போன துக்கத்த பார் தெருவுல ஆத்திக்கினு இருக்கா போல."

"அத ஏன் கேக்கற அக்கா" என்றாள் அம்மா தேவயானி. "எங்க அண்ணிக்கு இவ கல்யாணத்த விட ஊர் சுத்தறது பெருசாப் போச்சி. வளர்த்த பாசமெல்லாம் அவ்ளோதான்."

"இனிமே எனக்கு அத்தைன்னு யாரும் இல்லம்மா." காயத்ரி கண்ணைக் கசக்கினாள்.

"சரி, கண்ணத் தொடச்சிக்க. மை கலையுது."

பெரியம்மாதான் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போனாள். தாலி ஏறியது.

புடவை மாற்ற அறைக்குத் திரும்பிய காயத்ரி, கதவருகே நின்றுவிட்டாள். உள்ளே அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்லபடியா முடிஞ்சிது அண்ணி. தாலி அறுத்தவ மணவறைப் பக்கம் வந்தா கல்யாணமே வேணாம்னு சொன்ன சம்பந்தியம்மா, இன்னிக்கு வாயெல்லாம் பல்லா நிக்கறாங்க. இது காயத்ரிக்குத் தெரிஞ்சிருந்தா, மாலையக் கழட்டி வீசிட்டு எழுந்து போயிருப்பா."

அந்தப் பக்கம் அத்தை சொல்வதைக் கேட்டுத் தலையாட்டினாள்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே எல்லார்கிட்டயும் உங்களத் திட்டிக்கினுதான் இருக்கேன். அவளும் நம்பிட்டா... அழாதீங்க அண்ணி, கூட வந்தவங்க யாராச்சும் பாக்கப் போறாங்க."