பத்திரமா இருக்கு முதலாளி

“உன்னோட ஐசி எங்கப்பா இருக்கு?” என்று கருணாகரன் கேட்டார்.

பியானோவின் ஒரு முனையைக் கீழே வைத்துவிட்டு மருதமுத்து நிமிர்ந்தான். “கங்காணிகிட்ட பத்திரமா இருக்கு முதலாளி. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க.”

“நான் ஏம்ப்பா பயப்படணும்?”

அவன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மலாக்காவின் காஜா பேராங்கில் கருணாகரனுக்கு இரண்டு லோரிகள் இருந்தன. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது தொழில். அந்த ஜூலை மாதம் அவருக்குச் சாப்பிடவே நேரமில்லை. அடுத்த மாதம் மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை. வெள்ளைக்காரத் துரைமார் கொடியை இறக்குவதற்கு முன்பே அலமாரிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். தூக்குவதற்கு ஆள்களைப் பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமிலிருந்து அப்பாசாமி அனுப்பிவைப்பார். ஆள் பிடித்துக் கொடுப்பவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கங்காணிதான்.

காலையில் லோரி ஓட்டும் சின்னப்பாதான் விஷயத்தைச் சொன்னார். மருதமுத்துவின் அம்மா ஜொகூர் சிகாமட்டில் இறந்து பதின்மூன்று நாளாகிறதாம். கொள்ளி வைக்க வேண்டிய தலைமகன் போகவில்லை. பெரியப்பா மகன் வைத்தானாம். இன்னும் மூன்று நாளில் பதினாறாம் நாள் காரியம், அதற்கும் போவதாகத் தெரியவில்லை.

காரணம் ஐசி என்கிற அந்த அடையாளக் கார்டு. காட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடும் கெடுபிடி மலாக்காவில் குறைந்துவிட்டது என்றாலும் ஜொகூர் பக்கம் இன்னும் அவசரகாலம்தான். கார்டு இல்லாமல் பஸ் ஏறினால் வழியில் போலீஸ் இறக்கி லாக்கப்பில் தள்ளிவிடும். கார்டை வாங்கி வைத்துக்கொண்டால் போதும், ஆளைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியதில்லை.

பதின்மூன்று நாளாக இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை வாங்கியிருக்கிறோமே என்று கருணாகரனுக்கு வெட்கமாக இருந்தது. கங்காணியிடம் கேட்டாயா என்று விசாரித்தார். தகவல் வந்த அன்றைக்கே கேட்டானாம், முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

“ஏறு லோரியில. இப்பவே போய் வாங்குவோம்.”

“வேணாம் முதலாளி. வேலை கெடும்.”

“பியானோ எங்கயும் ஓடிப்போவாது. ஏறு.”

மருதமுத்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். தன்னை ஏதோ சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, தயங்கித் தயங்கித்தான் ஏறினான்.

பத்து பெரெண்டாம் போய்ச் சேரும்வரை கருணாகரன் பேசிக்கொண்டே வந்தார். நாடே விடுதலை வாங்கப் போகிற நேரத்தில் தன் லோரியில் அடிமை வேலையா என்றார். இனிமேல் தன்னிடம் வருகிற ஒவ்வொருவனும் கார்டைத் தன் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாசாமியிடம் ஆளே எடுக்கப் போவதில்லை என்றார். மருதமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒரே ஒரு தடவை மட்டும் வாயைத் திறந்து, அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் கண் நன்றாகத் தெரிந்ததாம், வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாம் என்று சொன்னான்.

ஆள்கள் தங்கும் கொங்சி வீட்டின் முன்னால் அப்பாசாமி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முதலாளியே நேரில் வந்ததைப் பார்த்ததும் பதறி எழுந்தார். விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சே பேசவில்லை. உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து திறந்தார். பதினோரு கார்டுகள் ரப்பர் வளையம் போட்டுக் கிடந்தன. மருதமுத்துவினுடையதை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அதில் இருந்த தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இளவயதுப் படம்.

இவ்வளவு லேசாகக் கிடைக்கிற பொருளுக்காக ஒரு பிள்ளை தாய்க்குக் கொள்ளி வைக்காமல் போனானே என்று கருணாகரனுக்கு ஆத்திரம் பொங்கியது. மற்ற பத்துப் பேருடையதையும் இன்றைக்கே திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்றார். இத்தனை வருடம் பழகிய மனிதர் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்பாசாமி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

“பெத்த தாய் செத்ததுக்குக்கூட விடக்கூடாதுன்னு எந்தப் பாவி சொன்னான் உங்களுக்கு?”

அப்பாசாமி மருதமுத்துவைப் பார்த்தார். மருதமுத்து கீழே பார்த்தான். வேறு வழியில்லாமல் அப்பாசாமி பெட்டியின் அடியில் துழாவி, மடித்து மடித்து நைந்துபோன ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“இவன் வந்து அழுதப்பவே உங்ககிட்ட கேக்கலாம்னு நெனச்சேன் முதலாளி. ஆள் தேவைப்படற நேரத்துல கேட்டா, கோவிச்சுக்கிட்டு எங்கள மாத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

கருணாகரன் பிரித்துப் படித்தார். ‘உங்கள் ஆள்கள் தூக்கிய பெட்டியில் டாக்டர் வீட்டு வெள்ளிக் கடிகாரத்தைக் காணவில்லை. இனிமேல் அடையாளக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, என் உத்தரவு இல்லாமல் எவனுக்கும் கொடுப்பதில்லை என்றால் மட்டும் ஆள் அனுப்பவும். இல்லாவிட்டால் நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.’ தேதி ஏழு வருடத்துக்கு முந்தியது, கையெழுத்து அவருடையது.

அந்தக் கடிகாரம் மறுவாரமே பெட்டிக்குள் வைக்கோலுக்கு அடியில் கிடைத்தது என்பதை, இந்த ஏழு வருடத்தில் அவர் இவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.