மாதாவின் காலடியில் ஒரு முகம்

"இந்த மருவை எடுத்துவிடும், பிள்ளை. இருந்த அடையாளமே தெரியக் கூடாது." யாக்கோப்பு வலது கன்னத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார்.

வான்மதி கத்தியை எடுக்கவில்லை, தூரிகையைத்தான் துடைத்தாள். சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்து, அங்கே டூட்டிங்கிலேயே தங்கிவிட்ட ஓவியர் அவள். மாதா கோயில் மண்டபத்துக்கென்று அவள் வரைந்த படத்தில், மாதாவின் காலடியில் முழங்காலில் நின்றார் யாக்கோப்பு. செலவு முழுக்க அவருடையது.

"ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின ஃபிளாண்டர்ஸ் ஓவியம் மாதிரி வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? அவங்க மரு, சுருக்கம், எதையும் விடமாட்டாங்க. பார்த்தா ஆள் யாருன்னு தெரியணும்ல?"

"அவையளுக்குக் கண் இருந்தது, மரியாதை தெரியேல்லை. காசு குடுத்தவனை ஆரும் இப்பிடி அவமானப்படுத்துவினமே?"

கொடை பெரிதுதான், கொழுப்பு அதைவிடப் பெரிது. பெயர் போடவும் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது, வேண்டுமானால் முகம் இருக்கட்டும் என்று பங்குச் சுவாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொடுத்தவர் யார் என்று சனத்துக்குக் காட்ட அந்த முகம் ஒன்றுதான் மிச்சம். அது இளவரசன் முகமாக இருக்க வேண்டாமா?

யாக்கோப்பின் கைபேசி அடித்தது. படம் மாட்ட எந்தச் சுவரை ஒதுக்குவது என்று தம்பி சூசைதாசன் கேட்டான். பாதியிலேயே வைத்துவிட்டார்.

"என்னைவிட அரை மணித்தியாலம் பிந்திப் பிறந்தவன், இண்டைக்கும் எல்லாத்திலயும் பிந்தித்தான். கதிரை அடுக்கத்தான் லாயக்கு. நீர் மருவை எடும்!"

வான்மதி தூரிகையால் மருவை மூடிவிட்டாள்.

மாதா திருநாளன்று பூசை முடிந்து மண்டபத்தில் திரை விலகியது. சனம் கைதட்டியது. யாக்கோப்பு புதுக் கோட்டோடு படத்தின் அருகே போய், எவர் வந்தாலும் கைகொடுக்கத் தயாராக நின்றார். சூசைதாசன் வழக்கம்போலப் பின்னால் காலிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

பங்குச் சபைத் தலைவி பெர்னடெற் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்து முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. யாக்கோப்பு கையை நீட்டினார்.

பெர்னடெற் அந்தக் கையைக் கவனிக்கவேயில்லை. நேரே பின்னால் போய், சூசைதாசனின் தூசிக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவையும் செய்துபோட்டு வாய் திறக்கேல்லையே, சூசை! கன்னத்தில மரு இல்லாதபடியாத்தான் நீர் எண்டு கண்டுபிடிச்சனான்."