முதுகு காட்டிய மேனேஜர்

"குட் மார்னிங் சார்!"

உள்ளே வந்த பெண், நாற்காலியின் முதுகைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

லேப் மேனேஜர் டெனிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வந்த ஆறு பேருக்கும் இதே மரியாதைதான். பேர்கூடச் சொல்லக்கூடாதாம், நம்பர் மட்டும் போதுமாம்.

தாம்பரத்தில் உள்ள அந்த மருந்து கம்பெனிக்கு லேப் சூப்பர்வைசர் தேர்வு. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த எச்.ஆர். அதிகாரி ஆஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏழாம் நம்பர், உட்காருங்க," என்றார் டெனிஸ் திரும்பாமலே. "ஒரே மருந்துக்கு ரெண்டு டெஸ்ட்ல ரெண்டு ரிசல்ட் வருது. என்ன செய்வீங்க?"

"சரக்கை வெளியே விடமாட்டேன் சார். யார் திட்டினாலும்."

டெனிஸின் பேனா சட்டென்று நின்றது.

"மேடம், மீதியை நீங்களே கேளுங்க."

ஆஷா கேட்டார். ஒரு கேள்விக்கும் அந்தப் பெண் தடுமாறவில்லை.

அவள் வெளியே போனதும் ஆஷா வெடித்தார்.

"வேலை தேடி வர்றவங்க முகத்தைக்கூடப் பார்க்கமாட்டீங்களா? என்ன திமிர் இது டெனிஸ்? நான் மேலே எழுதப்போறேன்!"

"தாராளமா எழுதுங்க. ஆனா ஏழாம் நம்பருக்கு நீங்க மட்டும் மார்க் போடுங்க. நான் போடக்கூடாது."

"ஏன்?"

"குரல் தெரிஞ்சுடுச்சு. ரேஷ்மா. ஆறு வருஷம் முன்னாடி என் மேல புகார் கொடுத்தவங்க. விசாரணையில ரெண்டு மணி நேரம் கேட்ட குரல். என் புரமோஷன் அதோட நின்னுபோச்சு."

ஆஷா பட்டியலைப் பார்த்தார். ரேஷ்மாதான்!

யோசித்து மார்க் போட்டார். ஐம்பதுக்கு நாற்பத்தாறு. ஏழு பேரில் அவள்தான் முதல்.

டெனிஸ் தாளை வாங்கினார். 'தேர்வு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆஷா பிரமித்துப் போனார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"பொய்ப் புகார் கொடுத்தவளுக்கா இந்த வேலை? உங்களை மாதிரி ஒரு மனுஷரை நான் பார்த்ததே இல்ல சார்."

டெனிஸ் தலைகுனிந்தார்.

"அன்னைக்கு இன்டர்வியூலயும் அந்தப் பொண்ணு இதே மாதிரி நல்லாத்தான் பதில் சொன்னா மேடம். குப்பைமேட்டுப் பக்கத்து அட்ரஸையும் பிஞ்ச செருப்பையும் பார்த்துட்டு, 'சரிப்படாது'ன்னு எழுதினவன் நான். அந்தப் புகார்ல ஒரு வரிகூடப் பொய் இல்ல."